காலை ஏழு மணிக்கு மீன் குழம்பு

வல்லம் வடகால்,
ஞாயிறு மாலை

அன்புள்ள இசைவாணிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீயும் அத்தையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். நீ அத்தை வீட்டுக்குப் போன பன்னிரண்டு நாளாக என் போனை எடுக்கவில்லை. அதனால்தான் பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல்முறையாகப் பேனா பிடித்து எழுதி, உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

பட்டினி கிடக்கிறேன் என்று நினைத்துவிடாதே. நன்றாகவே தின்கிறேன். நம் தெருமுனையை எட்டு வருஷமாகக் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் சீட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். இறங்கி உட்கார்ந்தது இப்போதுதான். என்ன ஒரு தெரு அது! பீகார்க்காரர் ஒருவர் கரி அடுப்பில் மாவு உருண்டை சுடுகிறார். உள்ளே கடலைமாவும் பூண்டும். உடைத்து நெய் விட்டு, சுட்ட கத்தரிக்காய் மசியலோடு தருகிறார். லிட்டி என்று பேர். இரண்டு தின்றால் மதியம் வரை பசி எட்டிப் பார்க்காது. அசாம் பெண்கள் இருவர் மூங்கில் குருத்து போட்டுப் பன்றிக்கறி சமைக்கிறார்கள். அந்தப் புளிப்பு வாசனைக்கு முதல் நாள் மூக்கைப் பொத்தினேன், மூன்றாம் நாள் இன்னொரு தட்டு கேட்டு வாங்கினேன். விருதுநகர்க்காரர் பொரித்த பரோட்டாவை நொறுக்கிச் சால்னா ஊற்றும்போது, வரிசையில் நிற்கிற எல்லா மாநிலத்து ஆட்களும் ஒரே மாதிரி எச்சில் விழுங்குகிறார்கள்.

இதையெல்லாம் தின்றது காலை ஏழு மணிக்கு. நைட் ஷிஃப்ட் முடித்து என் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்கு அதுதான் ராச்சாப்பாடு. காலையில் மீன் குழம்புச் சோறு விற்கலாம் என்றபோது நீ இதைத்தான் சொன்னாய். நானோ, "காலைல ஏழு மணிக்கு மீன் கொழம்பு எவன் துன்னுவான்?" என்று உன் அம்மா எதிரிலேயே சிரித்து, நீ ஆசையாக வாங்கிய தள்ளுவண்டியைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அன்றைக்கு என் வாயில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கலாம்.

இன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சர்ச் முடிந்து சங்கரா மீன் வாங்கி, உன் அளவிலேயே புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். பக்கத்துப் போர்ஷன் ஒடிசாக்காரி மினதி வீட்டுக்குச் சட்டியோடு எடுத்துப் போனேன். நீ கொடுத்தால் கிண்ணத்தை வழித்துத் தின்கிற கூட்டம் அது. ஒருவர்கூடத் தொடவில்லை. எனக்குச் சுருக்கென்றது. "நான் வெச்சா மட்டும் உள்ள எறங்காதா?" என்று கத்திவிட்டேன். மினதி தன் தமிழில் பொறுமையாகச் சொன்னாள்: "கோவம் வேணாம் அண்ணா. எங்க கார்த்திகை மாசம், கடைசி அஞ்சு நாள். மீன் தொட மாட்டோம். பௌர்ணமி போனா மறுநாள் மீன்தான்." நம் தவக்காலம் மாதிரி என்று அப்போதுதான் உறைத்தது. எட்டு வருஷம் அவர்களை ஏற்றி இறக்கியவனுக்கு இது தெரியவில்லை. வெட்கப்பட்டுத் திரும்பி வந்தேன். பின்னாலேயே அவள் முருங்கைக்காயும் பப்பாளிக்காயும் போட்ட பருப்பு கொண்டுவந்து கொடுத்தாள். டால்மாவாம். வெங்காயம்கூட இல்லை, அத்தனை ருசி.

வியாழக்கிழமை காலை நம் தெருவில் உள்ள ஒடிசாக்காரர்கள் எல்லோரும் மீனுக்கு அலைவார்களாம். "அன்னிக்கு அக்கா வந்துடுவாங்களா?" என்று மினதி கேட்டாள். என் குழம்பை நானே தின்று பார்த்தேன். அவர்கள் தப்பித்தார்கள்.

வண்டியை வெளியே எடுத்துக் கழுவிவிட்டேன். மழையில் துருப்பிடித்த சக்கரத்துக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமைக்கு லீவு சொல்லியாகிவிட்டது, பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமே. கோபத்தை விட்டுவிட்டு வா என்று கேட்கவில்லை, இசை. அதையும் எடுத்துக்கொண்டே வா. புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். கடைசி பஸ் போகும் வரை நிற்பேன்.

கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக.

உன்,
ஜெபகுமார்