ஒரு சொட்டு உள்ளே வராத கூண்டு

ஜூன் 9

மழை விட்டபாடில்லை. காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் ஆறு கோழிகளும் பழைய கூண்டின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு என்னை முறைக்கின்றன. கீழே கணுக்கால் அளவு சேறு. தீவனத் தட்டு ஒரு மூலையில் மிதக்கிறது.

இவை என் கோழிகள் இல்லை. என் மனைவியுடையவை. போன வாரம் அவளை அவள் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இரண்டு மழைக்காலமாகவே அவளுக்கு இரைப்பு. இந்த வருடம் படுத்தாலே மூச்சு வாங்குகிறது. தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். "கொஞ்ச நாள் இடத்தை மாத்திப் பாருங்க" என்றார் டாக்டர். வண்டியில் ஏறும்போது அவள் சொன்னது ஒன்றுதான்: "கோழிங்களை நனைய விட்டுடாதீங்க. அதுங்களுக்காகவாவது நான் திரும்பி வரணும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது விளையாட்டாகப் படவில்லை.

ஜூன் 10

புதுக் கூண்டு கட்டப்போகிறேன். ஊரில் யார் வீட்டு மொட்டைமாடி கசிந்தாலும், யார் குளியலறைச் சுவர் ஊறினாலும் 'ஒழுகல் டாக்டரைக் கூப்பிடு' என்பார்கள். என்னைத்தான். தண்ணீரை வெளியே நிறுத்துவதே என் பிழைப்பு. ஆறு கோழிகளை நனையாமல் வைத்திருக்க எனக்கா தெரியாது?

முழங்கால் உயரத்துக்குச் செங்கல் கால்கள். அதன்மேல் பலகைப் பெட்டி. சரிவான தகரக் கூரை. பலகையும் பலகையும் சேரும் இடமெல்லாம் சிலிகான். கதவு விளிம்பைச் சுற்றி சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிய பட்டை. முன்னால் நடமாட ஒரு வலையடைப்பு. மழை பெய்தால் பெட்டிக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடலாம்.

ஜூன் 12

என்னோடு வேலைக்கு வரும் பெயின்டர் வந்து பார்த்தான். கூண்டை ஒரு சுற்று சுற்றினான். "என்னண்ணே, கோழிக்கு நீர்மூழ்கிக் கப்பலா?"

போடா என்றேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 13

முடிந்தது. குழாயைத் திருகி, கூரைமேலும் நான்கு பக்கமும் பீய்ச்சியடித்தேன். கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

மாலையில் அவளிடம் சொன்னேன். சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, போனை அக்காவிடம் கொடுத்துவிட்டாள்.

ஜூன் 18

தும்முகின்றன. முதலில் அவசரக்காரி, பிறகு கிழவி. எல்லாம் அவள் வைத்த பெயர்கள். அடியில் பரப்பிய மரச்சீவல் ஈரமாகக் கட்டிதட்டிக் கிடக்கிறது. கதவைத் திறந்தால் நெடி கண்ணைக் கரிக்கிறது.

எங்கேயோ கசிகிறது. எங்கே?

ஜூன் 19

தொழிலில் ஒரு வழி உண்டு. கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் உட்பக்கம் சுண்ணாம்புத் தூளைப் பூசிவிட வேண்டும். தண்ணீர் வரும் பாதையில் மட்டும் தூள் கருத்துக் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். நேற்று கூண்டுக்குள் கூரையடியிலும் மூலைகளிலும் பூசினேன். இன்று காலை பார்த்தால் கோடே இல்லை. தூள் முழுவதும், ஓரம் மையம் என்றில்லாமல், ஒரே மாதிரி குழைந்து போயிருக்கிறது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கசிவை நான் பார்த்ததில்லை.

இன்னொரு சுற்று சிலிகான் அடித்தேன். கதவடியில் விரல் நுழையும் சந்து ஒன்று இருந்தது. அதையும் அடைத்தேன்.

ஜூன் 21

வெள்ளச்சி செத்துவிட்டது. கோழிகள் உட்காரும் கம்புக்கடியில், தலையை இறக்கைக்குள் வைத்தபடி. எடுத்தபோது உடம்பில் கனமே இல்லை. எலுமிச்சை மரத்தடியில் புதைத்தேன்.

மாலையில் கேட்டாள், "வெள்ளச்சி என்ன பண்றா?"

"தூங்குது" என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 22

கால்நடை டாக்டர் வந்தார். வாசலுக்குத் தூக்கிவந்த கிழவியின் மூக்கை அழுத்திப் பார்த்தார். தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தார். கொல்லையில் தண்ணீர் தேங்கியிருந்ததால் அவர் கூண்டுவரை வரவில்லை. "எடம் எப்படி? நனையுதா?"

"ஒரு சொட்டு உள்ளே வராது டாக்டர்."

"அப்ப சரி. மழைக்காலச் சளிதான். பார்ப்போம்."

ஜூன் 24

மருந்து கேட்கவில்லை. போலீஸ்காரிக்கும் வந்துவிட்டது. அவளுக்கு உயிர் அந்தக் கோழி. விறைப்பாக நடக்கும், மற்றவற்றைக் கொத்தி வரிசையில் நிறுத்தும். இப்போது வாயைத் திறந்து திறந்து மூச்சு விடுகிறது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம். நெஞ்சுக்குள் யாரோ காகிதத்தைக் கசக்குவது மாதிரி.

காதைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 25

அவள் அக்கா போன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை. "இங்க வந்ததுலேர்ந்து படுத்துத் தூங்குறா தம்பி. ரெண்டு தலைகாணி போதுது. அந்த வீடுதான் அவளுக்கு ஆகலை. வித்துட்டு இந்தப் பக்கம் வந்துடுங்க. இல்லைன்னா அவளையாவது இங்க விட்டுடுங்க."

கோபத்தில் என்ன பேசினேன் என்றே நினைவில்லை. என் வீட்டுக்கு என்ன குறை? சாரல் வருகிறது என்று சுவர் உச்சியில் இருந்த காற்றுத் துவாரங்களைக்கூட இறுகும் நுரை அடித்து மூடியவன் நான். ஜன்னல் சட்டங்களைச் சுற்றி சிலிகான். அதற்குப் பிறகு எந்த மழைக்கும் ஒரு சொட்டு உள்ளே வந்ததுண்டா? ஊரிலேயே காய்ந்த வீடு இதுதான் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

பிறகு அவள் பேசினாள். இருமல் இல்லை. குரல் தெளிவாக, கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தது. சந்தோஷப்பட வேண்டியவன் போனை வைத்துவிட்டு அழுதேன். நான் இல்லாத இடத்தில் அவளுக்கு மூச்சு வருகிறது.

ஜூன் 26

வேலைக்குப் போகவில்லை. அடுப்பும் பற்றவைக்கவில்லை.

ஜூன் 27

கிழவியும் போய்விட்டது.

அவ வரமாட்டா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எதுக்கு வரணும்? கோழிங்களுக்காகன்னா, அதையும் ஒண்ணொண்ணா புதைச்சுக்கிட்டு இருக்கேன். ஒழுகல் டாக்டராம். த்தூ.

ஜூன் 29

நேற்று மதியமே மழை நின்றது. இரவெல்லாம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கொல்லையில் துணி காயப்போட்டு, அது காய்ந்தும்விட்டது.

காலையில் கூண்டைத் திறந்தேன். உட்கூரையிலிருந்து என் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. கையை விட்டுத் தடவினேன். தகரம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர்.

மழையே பெய்யவில்லை. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு கோழிகள் என்னைப் பார்த்தன. போலீஸ்காரி வாயைத் திறந்து மூச்சு விட்டது. மூடி போட்ட சட்டியின் மூடியில் தண்ணீர் கோப்பது தினம் பார்ப்பதுதானே. அவற்றின் மூச்சு, எச்சத்தின் ஈரம், எதற்கும் வெளியே போக வழி இல்லை. வழியை ஒன்றுவிடாமல் அடைத்தவன் நான். கசிவைத் தேடித் தேடி இன்னும் அடைத்தேன். தண்ணீர் வெளியிலிருந்துதான் வரும் என்று என் மண்டையில் ஆணி அடித்தாற்போல் பதிந்திருக்கிறது.

ரம்பத்தை எடுத்துக் கூரைக்கடியில் நீளவாட்டில் இரண்டு பக்கப் பலகையையும் அறுத்தெறிந்தேன். உள்ளிருந்து அந்த நெடி முகத்தில் அடித்துக்கொண்டு வெளியே போனது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஞாபகம் வருகிறது. அலமாரித் துணியெல்லாம் பூசண வாடை அடிக்குதுன்னு அவ சொன்னாளே.

அதே நாள், சற்று நேரம் கழித்து

படுக்கையறை அலமாரியை நகர்த்தினேன். பின்சுவர் தரையிலிருந்து தோள்வரை கறுப்பு. விரலை வைத்தால் வழுக்குகிறது. அவள் தலைமாட்டுச் சுவரும் அப்படித்தான், கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னால். இரண்டு வருடம் அதையொட்டித் தலைவைத்துத்தான் தூங்கியிருக்கிறாள்.

காத்துத் துவாரத்தை நான் மூடின வருஷம்தான் அவளுக்கு இரைப்பு ஆரம்பிச்சது. ஐயோ.

ஜூன் 30

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூண்டை முடித்தால்தான் வீட்டைத் தொட தைரியம் வரும் போலிருக்கிறது.

கோழிகள் கம்பில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே இருக்கும்படி, இரு பக்கமும் நீளத் திறப்பு. குளிர்காற்று அவற்றின்மேல் அடிக்காமல் தலைக்கு மேலேயே போய்விட வேண்டும். எலி நுழையாதபடி திறப்பில் பொடிக்கண் வலை. சாரல் அடிக்காமலிருக்கக் கூரையை எல்லாப் பக்கமும் ஒரு முழம் வெளியே இழுத்திருக்கிறேன். மழை எப்போதும் வந்து மோதும் பக்கம் மட்டும் முழுச் சுவர். வலையடைப்புக்கும் கூரை வேண்டும். அது இல்லாததால்தானே மழை நாளெல்லாம் பெட்டிக்குள் கிடந்தன. தரையில் மண்ணை வழித்துவிட்டு ஆற்றுமணல் கொட்டி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டினேன். கூரைத் தண்ணீர் குழாய் வழியாக எலுமிச்சை மரத்துக்குப் போகிறது.

ஜூலை 2

பெயின்டரை வீட்டுக்கு வரச் சொன்னேன். ஏணி போட்டுக் காற்றுத் துவாரங்களில் இருந்த நுரையைக் குத்தி எடுத்தோம். கல்லாக இறுகியிருந்தது. நல்ல வேலை, நான் செய்தது.

"நீங்களே அடைச்சதை நீங்களே பேத்து எடுக்குறீங்களா அண்ணே?"

என் முகத்தைப் பார்த்தவன் அதற்குமேல் கேட்கவில்லை. சாயங்காலம்வரை ஒரு நக்கலும் அடிக்காமல் சுவரைச் சுரண்டிக்கொடுத்தான்.

ஜூலை 4

இன்று போனில் உண்மையைச் சொல்லிவிட்டேன். வெள்ளச்சியும் கிழவியும் செத்துவிட்டன, உன்னிடம் பொய் சொன்னேன் என்று. அவள் "தெரியும். கிழவி முட்டை போட்டுட்டுக் கத்துறதைப் பத்தி நீங்க புலம்பவே இல்லையே" என்றாள்.

சுவரைப் பற்றியும் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ, எதை முதலில் சொன்னேனோ. வெகுநேரம் அவள் மூச்சு மட்டும் கேட்டது. சீரான மூச்சு.

"நான் ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் நீங்க வந்து சாத்துவீங்க" என்றாள். "'சாரல் அடிக்குதுடி, உனக்குத்தானே ஆகாது'ன்னு சொல்லுவீங்க. நானும் சரிதான்னு நினைச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வரச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

ஜூலை 9

பேய்மழை. குடையோடு போய்க் கூண்டைப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் சாரல். மரச்சீவலைக் கையில் அள்ளினால் உதிர்கிறது. நெடி இல்லை. போலீஸ்காரி கூரையடியில் மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. இன்னும் லேசான கரகரப்பு இருக்கிறது. ஆனால் அவசரக்காரியைக் கொத்தி ஓரங்கட்டும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

படுக்கையறைச் சுவரில் சுண்ணாம்புத் தூள் பூசி வைத்திருக்கிறேன்.

ஜூலை 10

தூள் காய்ந்தே இருக்கிறது. நம்பிக்கை வரவில்லை. மறுபடியும் பூசியிருக்கிறேன்.

ஜூலை 15

அவள் அக்காவிடம் நானே பேசினேன். அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொன்னது சரிதான்க்கா, வீடுதான்" என்றேன். அக்கா கறாராகச் சொன்னார்: "அனுப்புறேன். ஆனா ஒரு ராத்திரி அவ இரைச்சாலும் மறுநாளே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் நீங்க வந்து நின்னாலும் அனுப்பமாட்டேன்."

ஜூலை 19

வந்துவிட்டாள். சின்னப் பை ஒன்றுதான். மிச்சமெல்லாம் அங்கேயே இருக்கிறது. நேராகக் கொல்லைக்குப் போனாள். போலீஸ்காரி விறைப்பாக நடந்து வந்து அவள் செருப்பைக் கொத்தியது. எலுமிச்சை மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். கூண்டைப் பார்த்து, "நல்லா இருக்குங்க" என்றாள்.

படுக்கையறையில் நுழைந்து முகர்ந்து பார்த்தாள். பையைப் பிரிக்காமல் கட்டிலடியில் வைத்தாள்.

மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. ஜன்னலைச் சாத்தாமல் விட்டிருக்கிறேன்.

ஜூலை 20

விடிந்துதான் கண் விழித்தேன். நானா தூங்கினேன்? முழித்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் படுத்தேன். ஆனால் கேட்க ஒரு சத்தமும் இல்லை, மழையைத் தவிர.

அவள் ஒற்றைத் தலையணையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஜன்னல் திறந்தபடி இருந்தது. ராத்திரி சாரல் அடித்து, ஜன்னலடியில் தண்ணீர் தேங்கி, கட்டில்கால்வரை ஓடியிருந்தது. ஒழுகல் டாக்டர் வீட்டில். அவள் பை அடியில் நனைந்திருந்தது. எடுத்து நாற்காலிமேல் வைத்தேன். அந்தச் சத்தத்தில் அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள், "தண்ணி உள்ள வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"துணியெல்லாம் நனைஞ்சிருக்குமே. நனைஞ்சதைக் காயப்போட்டு, மத்ததை அலமாரியில வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

வைத்தேன். பிறகு பழந்துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தேன்.