மாமா கழுவிய கல்

மார்ச் 4
பேராசிரியர் இன்றும் அதே பாட்டு. "சிவப்பா இருந்தா கார்னெட்தான்மா. அதுக்காக மலைக்கு ஆள் அனுப்ப முடியாது." கார்னெட் எங்கும் கிடைக்கும் சாதாரண மணிக்கல்; அந்த மலையிலிருந்து வந்த என் கல்லில் இருக்கும் சிவப்பு யூடியலைட் என்று தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்துவிட்டேன். அரிய சிர்கோனியம் சிலிக்கேட். சோடியம் மண்டி, சிலிக்கா பஞ்சமான பாறைக்குழம்பு ஆறும்போதுதான் கிடைக்கும். எந்தக் கனிமம் என்று காட்டிக்கொடுக்கும் எக்ஸ்-கதிர் இயந்திரமோ பழுது. வெள்ளிக்கிழமை, 7ஆம் தேதி, பயணத்துக்கு அனுமதி தரும் குழு கூடுகிறது. அதற்குள் நிரூபிக்காவிட்டால் மலைப் பயணம் அம்போ.

மார்ச் 5
லென்ஸில் நிதானமாகப் பார்க்கலாம் என்று கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமனார் ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் எதையும் பளபளக்காமல் விடுவதில்லை. "என்னம்மா இவ்ளோ அழுக்கு?"
"அழுக்கு இல்ல மாமா, கல்லே அப்படித்தான்."
தலையை மட்டும் ஆட்டினார்.

மார்ச் 6, காலை
ஐயோ. ஐயையோ.
கல் வாளிக்குள் கிடக்கிறது. பாத்ரூம் ஆசிட்! ராத்திரி முழுக்க ஊறியிருக்கிறது. சிவப்பு ஒன்றுகூட இல்லை — வெறும் குழிகள், குழிகளில் கொழகொழவென்று கூழ். "கறையெல்லாம் விட்டுப்போச்சு பாரும்மா!" மாமாவுக்கு வாயெல்லாம் பல். நான் அழுதேன். "அப்பாவுக்கு என்ன தெரியும், பாவம்" என்று கணவர் வக்காலத்து வேறு. உங்களையும் சேர்த்து ஊறப் போடணும் என்றேன்.

அதே நாள், மதியம்
இரு, இரு. கார்னெட் இப்படிக் கரையாதே! சிர்கோனியம் உள்ள சிர்கான் கல்கூட அசையாது. ஆசிடில் கூழாகிப் போவது யூடியலைட்டின் குணம், 'எளிதில் கரைவது' என்ற அதன் கிரேக்கப் பெயரே அதனால் வந்ததுதான். ஒரே கல் என்று பொத்திப் பொத்தி வைத்ததில் இந்தச் சோதனையைச் செய்யவே இல்லை நான். எனக்கெல்லாம் ஆராய்ச்சிப் பட்டம்!
சுத்தியலால் ஒரு போடு. உள்ளே சிவப்பு மணிகள் பத்திரமாக இருக்கின்றன.

மார்ச் 7
சிவப்பு மணிகளை மட்டும் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டேன். பேராசிரியரின் கார்னெட் இன்னொன்றில். குழுவின் கண்முன்னே இரண்டிலும் ஆசிட். குழு டீ குடித்து, பட்ஜெட் பேசி, ஊர்வம்பும் பேசி முடித்தது. கார்னெட் அப்படியே கிடந்தது. என்னுடையது கூழ். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.
"யார் யோசனை இது?"
"வீட்டுல பெரியவர் ஒருத்தர் சார்."

மார்ச் 8
நான் அழுததிலிருந்து மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. காபியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். குழு பயணத்துக்குச் சரி சொன்னதுவரை நடந்ததைச் சொன்னேன். "அப்போ நல்லாத்தான் கழுவியிருக்கேன்" என்கிறார்!

மார்ச் 19
நாளை காலை மலைக்குக் கிளம்புகிறேன். பையைத் திறந்தால் சுத்தியல் முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. "இந்தத் தடவை அழுக்கோடயே கொண்டு வாம்மா, நான் தொடவே மாட்டேன்" என்றார் மாமா. சரி என்றேன். மனிதர் பாவம், நம்பிவிட்டார்.
கல் வைக்கும் பெட்டிக்குப் பூட்டு வாங்கியாயிற்று.