திரேசம்மாவின் கோப்பு

அண்ணை,

போன ஞாயிறு கோல்டிங் துறைமுகப் பக்கம் பழைய அமெரிக்கக் கார்களைப் பார்வைக்கு நிறுத்தியிருந்தார்கள். வெயிலில் சூடேறிய இருக்கைத் தோலும் பெட்ரோலும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. பக்கத்தில் நீங்கள் நிற்பது போலிருந்தது.

நீங்கள் மன்னாரிலிருந்தும் நான் மட்டக்களப்பிலிருந்தும் அகதிகளாக டென்மார்க் வந்த புதிதில் நீல்ஸின் கராஜில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அந்த டேனிஷ்காரருக்கு ஐம்பதுகளின் அமெரிக்கா என்றால் பித்து. கார்களைத் திருத்தியபடியே பாடம் எடுப்பார். உலகப் போர் முடிந்து திரும்பிய படையினருக்கு அரசு படிக்கவும் வீடு வாங்கவும் உதவியதாம். ஊருக்கு வெளியே ஒரே அச்சில் வீடுகள் எழும்பின. அவற்றுக்குப் போகப் பெருஞ்சாலை, சாலையில் ஓடக் கார், வழியில் ஹம்பேகர் கடை, வீட்டுக்குள் தொலைக்காட்சி. இன்றைய அமெரிக்க வாழ்க்கையே அந்தப் பத்து ஆண்டுகளில் வார்க்கப்பட்டதுதான் என்பார்.

"எல்லாருக்குமோ வீடு குடுத்தவங்கள்?" என்று நீங்கள் கேட்டீர்கள். நீல்ஸ், கறுப்பின மக்களைப் பல தெருக்களில் சேர்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டார்.

"அதுதானே. ஆரைச் சேர்க்கிறது, ஆரை விடுறது எண்டு எங்கையும் ஒருத்தன் மேசையில இருந்து முடிவெடுக்கிறான்."

மன்னாரில் விட்டுவந்த உங்கள் மனைவி திரேசம்மா வந்திறங்கும் நாளில் கராஜிலிருந்த பச்சை அமெரிக்கக் காரில்தான் அழைத்து வரவேண்டும் என்று நீல்ஸ் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்தபின் அதன் பின் இருக்கையை நீங்களே துடைப்பீர்கள்.

மனைவியை அழைக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. விண்ணப்பமும் கொடுத்திருந்தீர்கள். எனக்கு டேனிஷ் உங்களைவிடக் கொஞ்சம் அதிகம் தெரியும் என்பதால் குடிவரவு அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிப்போவீர்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த மனிதர் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொன்னார்: "கோப்பு பரிசீலனையில் இருக்கிறது. காத்திருங்கள்." தலையை நிமிர்த்தவே மாட்டார். கடைசித் தடவை நீங்கள் திரேசம்மாவின் படத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தீர்கள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊரில் சண்டை நடந்த நாளில், தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் குண்டு விழுந்து திரேசம்மா இறந்தார். அதற்குப் பிறகு வந்தது அனுமதிக் கடிதம். "மனைவி வரலாம்" என்று நான்தான் வாசித்துச் சொன்னேன். அதைவிடக் கேவலமான வேலை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை.

நீதி அமைச்சரின் சொல்லால் தமிழ் அகதிகளான எங்கள் குடும்பக் கோப்புகளைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்தது பின்னர் வெளியே வந்தது. அதனால் டேனிஷ் அரசாங்கமே விழுந்தது. நீல்ஸ் கேக் வாங்கி வந்தார். நீங்கள் தொடவில்லை.

"பதவி போனவன் வீட்டை போய்ப் பெண்சாதியோட இருந்து சாப்பிடுவான், தம்பி."

ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசிக் கிழமையில் பாதர் வந்துபோன பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள். "எல்லாரையும் மன்னிச்சிட்டன் எண்டு பாதரிட்டச் சொன்னனான். பொய். உன்னட்டை மட்டும் சொல்லுறன், மன்னிக்கேல்லை."

ஞாயிறன்று அந்தக் கார்களுக்கு நடுவே ஒரு குரல் கேட்டது. அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதே ஆள். ஊன்றுகோலோடு, மனைவி கையைப் பிடித்திருக்க நின்றார். நேரே போனேன். நான் யாரென்றும் உங்களுக்கு நடந்ததையும் சொன்னேன்.

"எங்களுக்கு மேலிருந்து சொன்னார்கள்," என்றார்.

"அவ பெயர் திரேசம்மா. சொல்லுங்கள்."

பிழையாகச் சொன்னார். திருத்தினேன். மறுபடியும் பிழை. சரியாக வரும்வரை விடவில்லை. மூன்றாம் தரம் வந்தது. அவர் ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டார், அண்ணை. இரக்கம் வரவில்லை.

"யார் அந்தப் பெண்?" என்று அவர் மனைவி கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் திரும்பி நடந்தேன். அந்தப் பதிலை அவரே தன் மனைவிக்குச் சொல்லட்டும்.

என் நெஞ்சு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை.