ஏரியில் இறங்கியவள்

3 மே 1956, திருவான்மியூர்

மாமாவின் மூச்சிரைப்புக்குக் கடல் காற்று நல்லது என்று ஓசூர் டாக்டர் சொல்லி வந்திருக்கிறோம். புருஷனை மாமா என்கிறேனே என்று பக்கத்து வீட்டு அம்மாள் சிரிக்கிறாள். அம்மாவின் தம்பியைக் கட்டிக்கொண்டவள் வேறு எப்படிக் கூப்பிடுவது?

மகள் நாகரத்தினத்தின் பெட்டியில் துணியைவிடப் புத்தகம் அதிகம். அவளை என் தம்பி முனிவேலுக்குக் கொடுக்க வேண்டும். அவள் பெரியவளானபோது தனியே உட்காரவைக்க ஓலைக் குச்சு கட்டிய தாய்மாமன், உரிமைக்காரன் அவன். பதில் கேட்க அடுத்த வாரம் வருகிறான். இவளோ வாத்தியார் பயிற்சிக்குப் போவேன் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். இந்தப் புத்தகங்கள்தான் கெடுக்கின்றன. எல்லாவற்றையும் படித்து, விஷம் எங்கே என்று பார்த்துவிடுகிறேன்.

5 மே

முதல் புத்தகம். கதாநாயகி பக்கத்துக்குப் பக்கம் அழுகிறாள். உள்ளே மணல் வேறு. விஷமும் இல்லை, உப்பும் இல்லை.

6 மே

துப்பறியும் கதை. கொலைகாரன் யாரென்று பாதியிலேயே கண்டுபிடித்து மாமாவிடம் பீற்றிக்கொண்டேன். "அவ்ளோ கெட்டிக்காரின்னா உம் மவ மனசுல என்னா இருக்குதுன்னு கண்டுபிடி" என்றார். அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.

8 மே

மூன்றாவது. முறைமாமனைக் கட்டமாட்டேன் என்கிறாள் ஒருத்தி. யாரும் காதில் வாங்கவில்லை. தாலிக்கு முந்தின நாள் ஏரியில் இறங்கிவிடுகிறாள். எழுதினவனுக்குப் பெண்பிள்ளை கிடையாது போலிருக்கிறது, பாவி.

அந்தப் பக்கத்தின் மூலையை நாகரத்தினம் மடித்து வைத்திருக்கிறாள். ஏன் மடித்தாள்?

9 மே

சாயங்காலம் அவளைக் காணோம். மணலில் செருப்பு மட்டும் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள் — ஓடினேன். புடவை தடுக்கி விழுந்து, எழுந்து, கையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னாம்மா, கால்தானே நனைக்கிறேன்?"

முழங்கால் தண்ணீர்தான். மடித்த பக்கத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"தூக்கம் வந்துச்சு, மடிச்சு வெச்சேன். நான் எதுக்கும்மா சாவணும்? படிக்கத்தானே கேக்கறேன்."

ராத்திரி அந்தப் பக்கத்தின் மடிப்பை நீவி நேராக்கினேன்.

13 மே

முனிவேல் வந்தான். மாமா என் முகத்தைப் பார்த்தார். நான்தான் பெண்ணைக் கொடுப்பதற்கில்லை என்றேன்.

"புஸ்தகம் படிச்சு உனக்கும் புத்தி கெட்டுப்போச்சாக்கா? இனிமே அம்மா வீட்டு வாசப்படிய மறந்துடு."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அழுது தீரவில்லை.

14 ஜனவரி 1957, ஓசூர்

பொங்கல். அம்மா வீட்டுச் சீர் வரவில்லை. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பயிற்சிப் பள்ளியிலிருந்து லீவில் வந்த நாகரத்தினம் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஏரிப் புத்தகத்தை மாமா இப்போதுதான் படித்து முடித்தார். மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னைக் கட்டிக்கறியான்னு அன்னைக்கு உன்னை யாராச்சும் கேட்டிருந்தா, நீ என்னா சொல்லியிருப்பே?"

இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று அவர் கேட்டதில்லை.

"பால் பொங்குது மாமா" என்று எழுந்து உள்ளே போனேன்.

அடுப்பே இன்னும் பற்றவைக்கவில்லை.