பீரோவில் பூட்டி வைத்த கண்ணாடி

அன்புள்ள பாய்,

காலையிலிருந்து பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் மெஷின் வைத்துப் புல் வெட்டுகிறார்கள். பெட்ரோல் புகையும் பச்சைப் புல்லின் வாசனையும் கலந்து வீட்டுக்குள் வந்துவிட்டன. ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. நீங்கள் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இருந்தும் இந்த வாசனை வந்தால் உங்களிடம்தான் பேசத் தோன்றுகிறது.

அது எழுபதுகளின் தொடக்கம். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த மாங்கன்றுப் பண்ணையில் நீங்கள் மெக்கானிக், நான் தோட்டக் கூலி. அதுவரை அரிவாளால்தான் புல் அறுத்தோம். ஒருநாள் தோளில் மாட்டி வெட்டும் வெளிநாட்டு மெஷின் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. நீளக் குழாய், அதன் நுனியில் சுழலும் பல் தகடு. கூடவே கண்ணை மூடிக் கட்டும் கண்ணாடி இரண்டு, தோல் கையுறை, முழங்கால்வரை வரும் தோல் உறை. மேனேஜர் மெஷினை மட்டும் உங்களிடம் கொடுத்துவிட்டு மற்றதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்க்கும்போது புதிதாக இருக்க வேண்டுமாம். கெட்ட மனிதர் இல்லை. ஒரு பொருள் குறைந்தாலும் தன் வேலை போய்விடும் என்று பயந்தவர்.

நீங்கள் காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வெட்டினீர்கள். கண்ணுக்குத்தான் ஒன்றும் இல்லை. தகட்டில் புல் சிக்கினால் எஞ்சினை அணைக்காமல் கை வைக்க மாட்டீர்கள். மெஷின் ஓடும்போது எங்களைக் கிட்டே விடவும் மாட்டீர்கள். "நம்ம மண்ணு முச்சூடும் கல்லுங்க. புல்லோட அதையும் அள்ளி அடிக்குது" என்பீர்கள்.

இப்படியே இரண்டு கோடை போனது. பெரிய அதிகாரி வரப்போகிறார் என்று ஒருநாள் ஒரே அவசரம். வெட்ட வெட்டப் புல்லை வாரச் சொல்லி மேனேஜர் என்னை அனுப்பினார். நீங்கள் முதுகைக் காட்டி நின்றிருந்தீர்கள். எஞ்சின் சத்தத்தில் நான் வந்தது உங்களுக்குத் தெரியவில்லை. குனிந்து வாரினேன். இடது கண்ணில் ஏதோ அறைந்தது. சின்னக் கல்தான். உங்கள் தோள் துண்டால் என் முகத்தைக் கட்டி, வந்த பஸ்ஸை மறித்து, தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள். வழியெல்லாம் என் கையை விடவில்லை. கண் பிழைக்கவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பண்ணையில் நடந்ததை என் மனைவி வந்து சொன்னாள். பீரோவைத் திறக்காமல் மெஷினைத் தொட மாட்டேன் என்றுவிட்டீர்களாம். வேலையை விட்டு நிறுத்துவதாக மேனேஜர் மிரட்டினாராம். கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டீர்களாம். புல் வளர்ந்துகொண்டே போக, கடைசியில் அவரே சாவியோடு வந்தாராம். திறந்தால், தகரக் கூரைச் சூட்டில் கண்ணாடிகளின் ரப்பர் பட்டை இற்றுப்போய், தொட்டதும் உதிர்ந்ததாம். மேனேஜர் அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாராம். நீங்கள் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டை கட்டினீர்களாம். ஒன்று வெட்டுகிறவருக்கு, ஒன்று வாருகிறவருக்கு.

பிறகு என்னைப் பார்க்க வந்தீர்கள். கட்டில் ஓரம் உட்கார்ந்தீர்கள்.

"ஒருக்கா திரும்பிப் பாத்திருக்கலாங்க" என்றீர்கள்.

"உங்க மேல தப்பு ஒண்ணுமில்லீங்க, பாய்" என்றேன்.

நீங்கள் நம்பவில்லை. அதற்குப் பிறகும் சொல்லியிருக்கிறேன், ஒருமுறைகூட நம்பவில்லை. சந்தைக்கு நடந்தாலும், டீக்கடையில் உட்கார்ந்தாலும் என் இடப்பக்கமாகவே வந்துவிடுவீர்கள். எனக்குத் தெரியாத பக்கத்தை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். ஏன் அந்தப் பக்கமே வருகிறீர்கள் என்று கடைசிவரை நான் கேட்டதில்லை.

இப்போது தனியாகத்தான் நடக்கிறேன். தெருவில் யாராவது வெறுங்கண்ணோடு வெல்டிங் வைத்தாலோ கல் உடைத்தாலோ, கண்ணாடி எங்கே என்று நின்று கேட்டுவிடுகிறேன். சிலர் சிரிப்பார்கள். போன வாரம் ஒரு பையன், "பெருசு, உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ" என்றான். அலுத்துப்போகிறது, பாய். இனி எதையும் பார்க்காமல் போய்விடுவது என்று முடிவு செய்துதான் வாசல் இறங்குகிறேன். ஆனாலும் பொறி பறக்கிற இடம் வந்தால் கால் நின்றுவிடுகிறது.