ஜப்பான் பேச்சு உனக்கு யார் சொல்லித்தந்தது?

சிரஞ்சீவி துளசிங்கத்துக்கு அம்மா திரௌபதி சொல்லி எழுதறது. நானும் நைனாவும் இங்க ஒரு குறையும் இல்லாம இருக்கோம், அங்க உனக்கு அந்தக் குளிர்ல இருமல் வருதோ இன்னாவோ, வந்தாலும் நீ சொல்ல மாட்டே. படாவியா வழியா அங்க வர்ற ஒல்லாந்தர் கப்பல் கிளம்பறதுக்குள்ள அனுப்பணும்னு கணக்கர் வூட்டு வாசல்ல உட்கார்ந்து சொல்றேன், அவர் எழுதறார். நான் சொன்னதைத்தான் எழுதறாரான்னு சந்தேகம்தான், படிச்சுக் காட்டச் சொல்லாம விட மாட்டேன். மழை முடிஞ்சு முகத்துவாரம் திறந்துகிச்சு, இறால் நல்லா ஏறுது. உன் தங்கச்சி காந்தா மாசமா இருக்கா.

போன ஓலையில எழுதியிருந்தே, ஜப்பான்காரங்க பேச்சுல கடைசியில ஒட்டற சின்ன சத்தத்தை வெச்சுதான் கேக்கறாங்களா, கெஞ்சறாங்களா, அதட்டறாங்களான்னு தெரியும், அது பிடிபடவே ரெண்டு மழைக்காலம் ஆச்சு, யாரோ கிழவர் சொல்லித்தர்றார்னு. நானும் நம்பினேன். உன்கூட கப்பல்ல போன உலகநாதன் திரும்பி வந்து நம்ம வூட்டுல சோறு சாப்பிட்டப்ப, அந்தப் பேச்சைக் கொஞ்சம் பேசிக் காட்டுடான்னேன். அவன் துறையில மூட்டை தூக்கறவங்ககிட்ட கத்துக்கிட்டவனாம், எதைச் சொன்னாலும் கடைசியில ஸோன்னு அடிச்சு முடிக்கிறான். எம்பையனும் இப்படித்தானான்னு கேட்டேன். இல்ல அத்தே, அவன் அங்கத்துப் பொம்பளைங்க மாதிரி நோன்னு இழுத்து முடிப்பான், கேக்க இதமா இருக்கும்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனக்கு அப்பவே சந்தேகம் தட்டிச்சு. எந்தக் கிழவன்டா பையனுக்கு இதமா இழுத்துப் பேசக் கத்துக்குடுப்பான்? அந்தக் கிழவனுக்குப் பொண்ணு இருக்கா இல்லியா? நைனாகிட்டயும் சொன்னேன், சும்மா இரும்மேன்னுட்டார்.

அப்புறம் பாடு பிரிக்கிற நாள் வந்துச்சு. கல்யாணம் ஆன ஆம்பளைக்குத்தான் ஏரியில வலை போட இடமும் முறையும்னு உனக்கே தெரியும். நீ சீக்கிரம் வந்து கட்டிப்பேன்னு சொல்லித்தான் நைனா உன் பேரை இத்தனை நாள் பாடு கணக்குல நிறுத்தி வெச்சிருந்தார். இந்த வருஷம் நம்ம குப்பத்து தனக்கோடி சபையில எழுந்து, ஊர்லயும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல, அவன் பேரு எதுக்குன்னு கேட்டுட்டான். பெரியவங்களும் தலையாட்டினாங்க. ஒருக்கா பேரை எடுத்தா அவ்வளவுதான், நீ வந்தாலும் காலம் பூரா அடுத்தவன் வலையைத்தான் இழுக்கணும். சபையில வாயே திறக்காத உன் நைனா எழுந்து, "எம்பையனுக்கு அந்தச் சீமையிலயே கல்யாணம் ஆயிடுச்சு"ன்னார். பொண்ணு இன்னா ஜனம்னு கேட்டாங்க. வலைக்காரன் பொண்ணுன்னார். என் சந்தேகத்தை அந்த மனுஷன் அப்படியே தூக்கி சபையில வெச்சுட்டார், உன் பேரு எடுபடாம நின்னுடுச்சு.

இப்ப நான் தெருவுல நடக்க முடியல, பொம்பளைங்க எல்லாம் மடக்கி மடக்கி விசாரிக்கிறாங்க. அப்படி ஒருத்தி இல்லேன்னா சீக்கிரம் வந்து இங்க கட்டிக்கோ, உன் நைனாவைப் பொய்யனாக்கிடாதே. ஒருத்தி இருந்தா ஒளிக்காதே. என்கிட்ட சொல்லாம கட்டிக்கிட்டியேன்னு வயிறு எரியுது, ஆனாலும் கூட்டிக்கிட்டு வா, ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவ அப்பன் நெஜமாவே வலை போடறவர்தானான்னு மறக்காம எழுது. கங்கையம்மா உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
மருமவ பேரு தெரியாத மாமியார்,
திரௌபதி, கோட்டைக்குப்பம்.