பூவரசில் அடையும் கோழிகள்

என் உயிரான மச்சானுக்கு,

நீங்கள் மௌத்தாகி ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. நான் இத்தாவில் இருக்கிறேன். புருஷன் போனால் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும் இல்லையா, அதை மாமி இன்னும் இறுக்கிவிட்டார். வாசல் பக்கம் தலை காட்டக் கூடாதாம், கொல்லையில் வேலி வரைக்கும்தானாம். உங்கள் அம்மாவைப் பற்றி உங்களுக்கே சொல்ல வேண்டுமா? என்னைப் பெற்ற அத்தாவின் கூடப்பிறந்தவர், எனக்கு மாமியாராகவும் ஆனவர், சொன்னால் சொன்னதுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் பூவரசு, அதையொட்டி வாய்க்கால், வாய்க்காலுக்கு அக்கரையில் நம் குத்தகை வயல். நாற்றங்காலுக்கு உழ ஆளில்லாமல் கிடக்கிறது. நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கோழிகள் என்ன செய்தன தெரியுமா? பொழுது சாய, மஃரிப் பாங்குக்கு முன்னால் நீங்கள் வாய்க்கால் கரையில் குச்சியோடு நின்று "பா பா பா" என்று ஓட்டுவீர்கள். நான் உள்ளே கூண்டுக் கதவைப் பிடித்திருப்பேன். வெளியிலிருந்து ஓட்ட ஆள் இல்லை என்றதும் அதுகள் பூவரசில் ஏறி அடைய ஆரம்பித்துவிட்டன. ஒன்பதில் மூன்றைக் காட்டுப்பூனை கொண்டுபோனது. மாமிக்கு முழங்கால் வலி, எனக்கு இத்தா. வேலியோரம் நின்று கத்தினேன். "சத்தம் தெருவுக்குக் கேக்குது"ன்னு மாமி அதையும் நிறுத்தினார். நீங்கள் போனதற்கு அழுததைவிட அன்றைக்கு ஆத்திரத்தில்தான் அதிகம் அழுதேன் மச்சான்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. பகலில் கொல்லைக்கு இரை பொறுக்க வந்த ஆறையும் பிடித்து, நாலு நாள் கூண்டிலேயே அடைத்துப் போட்டேன். குருணை, தண்ணீர் எல்லாம் உள்ளேயே. நீங்கள் பூதலூர் ரயிலடியில் வாங்கி மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்களே, அந்தச் சிவப்புப் பெட்டை, மூங்கில் பட்டை இடுக்கு வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேரில் யார் அதிகம் அடைபட்டவள்?

ஐந்தாம் நாள் பொழுது சாயக் கொஞ்சம் முன்னால், பசியோடு திறந்துவிட்டேன். சற்று நேரம் மண்ணைக் கிளறின. கூண்டுக்குள் குருணைக் கிண்ணத்தைத் தட்டியதும் ஐந்து உள்ளே வந்தன. தினமும் அப்படியே செய்தேன், பழகிவிட்டன. சிவப்பி மட்டும் மரமேதான்.

இதற்கிடையில் உங்கள் பேருக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. புதுச் சட்டப்படி குத்தகைதாரர் என்று பதியச் சொல்லி மனு கொடுத்தீர்களே, அதற்கு விசாரணை. யாரும் ஆஜராகாவிட்டால் தள்ளுபடி, வயல் அதன் சொந்தக்காரரான மிராசுதார் கைக்குப் போய்விடும். "அந்த வீட்டுல ஆம்பளையும் இல்ல, புள்ளையும் இல்ல. பொம்பள இத்தாவுல கெடக்கு, யாரு வரப்போறா?"ன்னு அவருடைய காரியஸ்தர் டீக்கடையில் சொன்னாராம். "வயலு போனா போவட்டும், இத்தா முறியக் கூடாது" என்றார் மாமி.

நான் பக்கத்து வீட்டு ஜைத்தூன் லாத்தாவைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வரச் சொன்னேன். "அவசியம்னா பகல்ல போயிட்டு வரலாம். ராத்தங்கல் தன் வீட்டுல இருக்கணும்" என்று சொல்லியனுப்பினார். இது தெரியாமலா இத்தனை நாள் வேலியோரம் நின்றேன்? மாமியிடம் அதைச் சொன்னேன். "அப்ப கோழி கணக்கா மேஞ்சிட்டு அந்திக்கு அடைஞ்சிரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு சிரித்தது அன்றைக்குத்தான்.

நேற்று லாத்தாவோடு தாலுகா ஆபீஸுக்குப் போனேன். காலையில் உட்கார்ந்த பெஞ்சிலேயே சாயங்காலம் வரை இருந்தோம். நம் பேரைக் கூப்பிடவே இல்லை. நாலரை மணிக்குக் காரியஸ்தர் ரொம்பப் பரிவாக வந்தார். "பொழுது சாயுதும்மா, இத்தாவுல இருக்குற பொண்ணு. பஸ்ஸைப் புடிங்க, கூப்பிட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றார். அவருக்கு நம் முறையெல்லாம் தெரிந்திருக்கிறது பாருங்கள். எழுந்தும் விட்டேன் மச்சான். இங்கே இருந்தால் இத்தா முறியும், போனால் வயல் போகும். வேலி இங்கேயும் கூடவே வந்துவிட்டது. கிண்ணத்தைத் தட்டினாலும் இறங்காத சிவப்பி ஞாபகம் வந்தது. திரும்ப உட்கார்ந்தேன்.

கடைசியாகத்தான் உங்கள் பேரைக் கூப்பிட்டார்கள், நீங்கள் மௌத்தானதைச் சொன்னேன். "வாரிசு யாரு?"

"நான்தாங்க. அவுங்க சம்சாரம்."

குமாஸ்தா ஆஜர் என்று எழுதினார். எழுதியதைப் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன். அடுத்த மாசத்துக்கு வாய்தா போட்டிருக்கிறார்கள். அதுவும் இத்தாவுக்குள்தான்.

பஸ்ஸில் வரும்போதே பாங்கு கேட்டுவிட்டது. இறங்கிக் கொல்லை வழியாக வந்தேன். வாய்க்கால் கரையில் மாமி நின்றுகொண்டிருந்தார், அந்த முழங்காலோடு, கையில் உங்கள் குச்சி. கூண்டில் ஆறும் இருந்தன, சிவப்பியும்தான். அந்தக் குச்சியால்தான் இறக்கியிருப்பார்.

"எல்லாம் அடைஞ்சிருச்சு. நீ ஒருத்திதான் பாக்கி" என்றார். "ஆஜர் போட்டானுவளா?"

"போட்டாங்க மாமி."

"சரி, உள்ள போ."

போனேன். பின்னாலேயே வந்து தாழ்ப்பாளைப் போட்டார்.

இன்னும் இரண்டரை மாசம் உள்ளேதான் இருப்பேன் மச்சான். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போவேன். எந்த அந்தி சாய்ந்தாலும், பேர் கூப்பிடாமல் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் மாமன் மகள், உங்கள் சம்சாரம்,
ஆமினா